பாரிமுனையில் ராத்திரி டிபன்

வார நாளில் மதியம் ஒரு மணிக்குப் பாரிமுனை ஓட்டல்களில், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் நிற்பார். உயர் நீதிமன்ற வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வழக்குக்காக ஊரிலிருந்து வந்தவர்கள், வங்கி ஊழியர்கள், மொத்தக் கடையில் சரக்கெடுக்க வந்தவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி. இரவு ஒன்பதானால் அதே தெரு வெறிச்சோடிவிடும். ஞாயிறைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மே மாதம் கோர்ட் விடுமுறை வந்தால் மதியக் கூட்டமும் மெலிந்துவிடும்.

இத்தனைக்கும் அரசு தடுக்கவில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2022-இல் அதை நீட்டித்தது. சென்னை இனித் தூங்காது என்று அப்போது குதூகலித்தவர்கள், இரண்டாவது ஷிஃப்டுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. எட்டு மணி நேர வேலை, சுழற்சியில் வார விடுமுறை, இரவு எட்டுக்கு மேல் வேலை செய்யும் பெண்களிடம் எழுத்தில் சம்மதம் என்று நிபந்தனைகளும் அந்த ஆணையிலேயே உண்டு. நியாயமான நிபந்தனைகள்தான், செலவும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது.

ஓட்டலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைக்க மாஸ்டர், சப்ளையர், மேசை துடைப்பவர், கல்லாவில் ஒருவர் என நாலு பேராவது வேண்டும். ஐம்பது பேர் சாப்பிட்டாலும் ஐந்து பேர் சாப்பிட்டாலும் அவர்கள் சம்பளம் அதேதான். வெளியூர், வெளிமாநில ஆட்கள் என்றால் தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் முதலாளி பொறுப்பு. ஆள் கூடினால் அறை வாடகையும் கூடும். அதனால் ஷட்டர் இறங்குவதற்கு முன்பே மெனு சுருங்கிவிடுகிறது. “இட்லி முடிஞ்சிது சார், தோசைதான் இருக்கு” என்றால், உள்ளே கல்லுக்கு முன்னால் ஒரே ஒரு மாஸ்டர்தான் மிச்சம் என்று பொருள்.

கொஞ்சம் நடந்து சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்குப் போனால் நிலைமை வேறு. கீழே கடை, மேலே வீடு. தலைமுறைகளுக்கு முன் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் சாயங்காலம் படியிறங்கினால் சாட், ஜிலேபி, சூடான பால் என்று வியாபாரம் களைகட்டும். மாஸ்டருக்கு அங்கேயும் சம்பளம் உண்டு. அதைக் கொடுக்கும் வாடிக்கையாளர் மாடியிலேயே குடியிருக்கிறார், அவ்வளவுதான்.

பர்மா பஜார் பக்கத்தில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் ஆபீஸ் விடும் வேளையில்தான் சூடுபிடிக்கின்றன. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த தொழில் அது. வீட்டு ஆட்களே நின்று நடத்தும் கடைக்கு ஷிஃப்டும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. அவர்கள் உழைப்புக்குக் கணக்கெழுதினால் அதுவும் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம்தான்.

பாரிமுனையின் பழைய மாடிகள் கிடங்காகவும் ஆபீஸாகவும் இருக்கும்வரை, ஓட்டல்காரரிடம் ராத்திரி டிபன் கேட்பதில் நியாயமில்லை. அங்கே நாலு குடும்பங்கள் குடிவரட்டும். முதலில் பால் கடை வரும், பிறகு டீக்கடை. அதற்கப்புறம்தான் ஓட்டல்காரர் இரண்டாவது மாஸ்டருக்கு ஆள் தேடுவார்.