கேட்காமல் அணையும் கணினி

2007 ஆகஸ்ட் 16. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பேசிக்கொண்டிருந்த ஸ்கைப் படுத்துவிட்டது. சீராக இரண்டு நாள் பிடித்தது. ஸ்கைப் நிறுவனம் பிறகு காரணம் சொன்னது. மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் இறங்கியதும் ஏராளமான விண்டோஸ் கணினிகள் குறுகிய நேரத்துக்குள் ரீஸ்டார்ட் ஆயின. எல்லாம் சேர்ந்து லாகின் செய்ய முட்டிமோதியதை அதன் பிணையம் தாங்கவில்லை. தன் மென்பொருளிலேயே ஒளிந்திருந்த பிழையும் சேர்ந்துகொண்டதை அந்நிறுவனம் மறைக்கவில்லை.

அன்றைய விண்டோஸில் தானியங்கி அப்டேட்டுக்கு வழக்கமாகக் குறித்திருந்த நேரம் விடியற்காலை 3 மணி. 'ரீஸ்டார்ட் செய்யலாமா?' என்று கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அங்கே யார் விழித்திருப்பார்கள்?

ரீஸ்டார்ட் எதற்கு? ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை விண்டோஸ் பூட்டி வைத்துக்கொள்ளும். ஆள் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பலகை மாற்ற முடியாதல்லவா? அதனால் இன்ஸ்டாலர் புதிய கோப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி தொடங்கும்போது மாற்றும்படி விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் குறித்துவைக்கும். மற்ற நிரல்கள் எழுவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடும். லினக்ஸில் பழைய கோப்பு பயன்பாட்டில் இருக்கும்போதே அதன் இடத்தில் புதியதை வைக்கலாம். அங்கே ரீஸ்டார்ட் தொல்லை குறைவு.

ஆனால் ரீஸ்டார்ட் தேவை என்பது வேறு, இந்த நிமிடமே வேண்டும் என்பது வேறு. இந்த வித்தியாசத்தை விண்டோஸ் இன்ஸ்டாலரே அறியும். வேலை முடிந்து 3010 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால், 'ரீஸ்டார்ட் பாக்கி' என்று பொருள். 1641 என்றால், 'ரீஸ்டார்ட்டைத் தொடங்கிவிட்டேன்' என்று பொருள். திரையில் எதையும் காட்டாத அமைதி முறையில் நிறுவும்போதுதான் வில்லங்கம்: ரீஸ்டார்ட் வேண்டாம் என்று கட்டளையில் எழுதாவிட்டால், தேவைப்பட்டதும் அது கேட்காமலே ரீஸ்டார்ட் செய்துவிடும். சேமிக்காத கணக்கும் கடிதமும் அதோடு போகும்.

மைக்ரோசாஃப்டின் அவசரத்துக்கும் நியாயம் உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. நிறுவாமல் தள்ளிப்போட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். பாதுகாப்பு அப்டேட்டுக்குக் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்யும் சலுகை தரலாம். ஒரு பிரின்டர் மென்பொருளுக்கோ விளையாட்டுக்கோ எதற்கு? 3010 என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதே அதற்கு மரியாதை.

அலுவலகத்தில் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் மென்பொருள் ஏற்றுபவர்கள், கட்டளையோடு 'நோரீஸ்டார்ட்' என்பதைச் சேர்க்க மறக்க வேண்டாம். வீட்டில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய் 'ஆக்டிவ் அவர்ஸ்' நேரத்தைக் குறித்துவையுங்கள். 18 மணி நேரம் வரை குறிக்கலாம். அதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. மற்ற நிறுவனங்களின் இன்ஸ்டாலர்களை இது கட்டுப்படுத்தாது என்பதால், எதை நிறுவுவதற்கு முன்பும் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள்.