ஒரு பிள்ளை, ஒரு நாள், ஒரு கல்லணைப் பயணம்

மாடு வைத்திருக்கிற வீட்டில் சுற்றுலா என்றால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். காலையில் பால் கறக்க ஆள் வேண்டும், சாயங்காலம் தண்ணி காட்ட ஆள் வேண்டும். கல்யாணம், காதுகுத்து தவிர எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பிய நாளே இல்லை. 'எல்லாரும் ஒருநாள் போகலாம்' என்று சொல்லிச் சொல்லியே வருசங்கள் ஓடிவிட்டன.

போன வருசம் வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். "எல்லாரும் போகணும்னா எந்தக் காலத்துலயும் போக மாட்டோம். பெரியவளை மட்டும் ஒரு நாள் நீங்க கூட்டிட்டுப் போங்க. அடுத்த தடவை சின்னவனை நான் கூட்டிட்டுப் போறேன். இருக்கிறவங்க மாட்டைப் பாத்துக்குவோம்."

பெரியவளுக்குப் பதிமூணு வயசு. யோசித்துப் பார்த்தால், அவளிடம் நான் பேசுவதெல்லாம் வேலைதான். "கன்னுக்குட்டியை மாத்திக் கட்டு", "ஜீவாமிர்த டிரம்மைக் கலக்கி விடு", "மோட்டாரை நிப்பாட்டு". அவளும் "சரிப்பா" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

எங்களுக்கு மணப்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு. ஆடிப்பட்ட வேலை தொடங்குவதற்கு முன்னால், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு திருச்சி போய், சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை டவுன் பஸ் பிடித்தோம். அந்த பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை. "பாத்தீங்களா, நான் ஓசிப் பயணம்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு!

கல்லணையில் அன்றைக்குத் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. யானை மேல் இருக்கும் கரிகாலன் சிலையைப் பார்த்துவிட்டு, பாலத்தின் மேல் நின்றோம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆற்று மணலில் பெரும் பாறைகளைப் போட்டால், ஓடுகிற தண்ணீர் அடிமணலை அரிக்கும், பாறை உள்ளே இறங்கும். அதன்மேல் களிமண் பூசி அடுத்த பாறை. இப்படி இறங்கி இறங்கிக் கெட்டியான தரையைத் தொட்டதும் நின்றுவிடும். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வேலையை 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் ஆராய்ந்து வியந்திருக்கிறார்.

"எதுக்குப்பா இங்க வந்து கட்டுனாங்க?" என்றாள். கொள்ளிடம் தாழ்வாக ஓடுகிறது. தடுக்காவிட்டால் காவிரித் தண்ணீர் அதில் விழுந்து கடலுக்குப் போய்விடும். தடுத்ததால் காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து வயலுக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் மட்டும் கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுவார்கள். புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த காலத்தில் வந்தது.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். "இவங்களுக்கு மேட்டூர் தண்ணி. நமக்கு?"

"நமக்கு மழைதான் கண்ணு. அதைக் காட்டுலயே நிப்பாட்டத்தான் வரப்பு உயத்துறோம், மூடாக்கு போடுறோம்."

அப்புறம்தான் கேட்டாள். "நம்ம காட்டை வித்துருவீங்களாப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உரக்கடை வேண்டாம் என்று இயற்கைக்கு மாறிய முதல் வருசம் கடலை விளைச்சல் பாதிகூட வரவில்லை. சங்கிலியை அடகு வைத்தோம். ஒரு ராத்திரி வீட்டுக்காரியிடம் "வித்துட்டுப் போயிரலாமான்னு இருக்கு" என்று ஆத்தாமையில் சொன்னேன். பாயில் படுத்திருந்தவள் தூங்கவில்லை. அந்த வருசம் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது "எனக்குப் பிடிக்கலை" என்று சொன்னாளே, அதுவும் பிடிக்காமல் இல்லை. காசு கேட்கக்கூடாது என்று இரண்டு வருசமாக மனசுக்குள் வைத்திருக்கிறாள் என் பிள்ளை.

மழுப்பாமல் சொல்லிவிட்டேன். கடன் எவ்வளவு, எவ்வளவு அடைத்தோம், இந்த வருசம் பல தானியம் விதைத்து மடக்கி உழுததில் மண் எப்படிப் பொலபொலவென்று மாறியிருக்கிறது, இன்னும் எத்தனை மாதத்தில் சங்கிலியைத் திருப்பலாம், எல்லாம். "விக்க மாட்டேன்" என்றேன். "அப்ப சரி" என்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் தஞ்சாவூர். பெரிய கோயில் மத்தியானம் சாத்தியிருக்கும், நாலு மணிக்குத்தான் நடை திறப்பார்கள். 1010இல் முடித்த 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது அவளுக்கு. கோயிலில் பணிசெய்த 400 ஆடல்மகளிருக்குத் தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கல்வெட்டில் இருப்பதைச் சொன்னேன். "கல்லுலயே கணக்கு எழுதியிருக்காங்களே! நீங்க நோட்டுலகூட எழுதுறதில்ல" என்றாள்.

அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கினாள். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் காட்டு வரவு செலவை அவள்தான் எழுதுகிறாள். பிண்ணாக்குச் செலவு எனக்கே அப்போதுதான் விளங்கியது!

நண்பர்களே, நீங்களும் போய்வாருங்கள். ஒரு நாள் போதும், பஸ் காசும் கட்டுச்சோறும் போதும். விதைப்புக்கு முன்னாலோ அறுப்பு முடிந்த பிறகோ நாள் குறியுங்கள். பால் கறக்கப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லிவைத்து, அவர் வெளியே போகிற நாளில் நீங்கள் கறந்து கொடுங்கள். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அதன் முறை எப்போது என்று முன்கூட்டியே சொல்லி, காலண்டரில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான். ஆற்றில் தண்ணீர் போகிற நாளில் பிள்ளையை இறங்க விடாதீர்கள். போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். முக்கியமாக, புத்தி சொல்லாதீர்கள். பிள்ளை பேசுகிற வரைக்கும் சும்மா இருங்கள். எங்களுக்கு அது நடக்க மத்தியானம் ஆனது.

அடுத்தது சின்னவன் முறை. அவன் அம்மாவோடு மேட்டூர் போகிறான். அன்றைக்குச் சாணி அள்ளுவது நானும் பெரியவளும்.