பல் பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போடும் முன்

நடவு நேரத்தில் டெல்டா கிராமங்களில் அப்பா அம்மா விடியுமுன் வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த தாளில் பாட்டி கைநாட்டு வைத்து அனுப்பிவிடுவார். 'பல்லைப் பார்க்கிறார்களாம்' என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் தாள் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, அரசின் இலவசப் பரிசோதனை. அது பிள்ளைக்கு உரியது. மற்றொன்று, பல் மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்வு. அதில் சேர்வது நம் விருப்பம். தாள் எதுவானாலும், முதலில் பல்லைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

பால்பல்லும் தாடையும்

'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று சொத்தையை விட்டுவிடுவது பெரிய தவறு. பால்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. கீழே வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதே அவற்றின் வேலை. சொத்தையால் முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பின்னால் உள்ள பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் பல் தெத்துப்பல்லாகும், அல்லது வெளியே வர வழியின்றி எலும்புக்குள்ளேயே தங்கிவிடும்.

டார்ச் வெளிச்சத்தில் பிள்ளையின் கீழ்த்தாடையைப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் பால்பற்கள் ஐந்துதான். ஆறாவதாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் இருந்தால் அது நிலைப்பல். எந்தப் பல்லும் விழாமல் ஆறு வயதையொட்டிப் பின்னால் முளைப்பதால் பலர் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

நான்கு வயதைக் கடந்தும் விரல் சூப்பினால் மேல் முன்பற்கள் வெளியே தள்ளும். தூக்கத்தில் எப்போதும் வாயால் மூச்சு விடும் பிள்ளையைக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

மிட்டாய் ஊட்டிய ஆய்வு

இனிப்பின் அளவைவிட, எத்தனை முறை தின்கிறோம், எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது. இதை உறுதிப்படுத்தியது சுவீடனின் விபெஹோல்ம் ஆய்வு. 1940களில், மனவளர்ச்சி குன்றியோர் தங்கியிருந்த மருத்துவமனையில், பல்லில் ஒட்டும் மிட்டாயைச் சாப்பாட்டுக்கு இடையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். பலரின் பற்கள் பாழாயின. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆய்வுக்கு மிட்டாய், சாக்லேட் தொழிலின் பணமும் வந்தது. பள்ளிக்கூட வாசல் கடையில் விற்கும் கமர்கட்டும் அதே வகைதான். தின்பதானால் சாப்பாட்டோடு தின்று வாய் கொப்பளிக்கட்டும். இரவில் பால் புட்டியோடு தூங்க வைக்கவே கூடாது.

அந்த ஆய்வு தந்த அறிவை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறோம். அது நடந்த விதம் மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒப்புதல் விதிகள் இருக்கின்றன.

ஆய்வில் உங்கள் உரிமை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, குழந்தையை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். வீட்டில் இருந்தார் என்பதற்காகப் பாட்டி வைத்த கைநாட்டு ஒப்புதல் ஆகாது. தலைமையாசிரியரின் அனுமதி பெற்றோர் சம்மதத்துக்கு ஈடாகாது. 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், 12 முதல் 18 வரை எழுத்துச் சம்மதமும் தேவை. தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி உடனிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுப்பதோ பல் அச்சு எடுப்பதோ சிகிச்சைக்கா, ஆய்வுக்கா என்று கேளுங்கள். மறுத்தாலும், நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம். முறையிட வேண்டிய நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயதுவரை பரிசோதனை இலவசம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். பல் சொத்தை, உதடு-அண்ணப் பிளவு இரண்டும் அதன் பட்டியலில் உள்ளன. குழு எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போனால்தான் பயன். கூடுதல் சிகிச்சைக்குப் புதுக்கோட்டையில் 2023இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழி தெரியாவிட்டால் 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.

தனியாரிடம் பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நடந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ரசீது, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாத புகார் நிற்பது கடினம்.