கயிற்றோரத்து நிருபர்
'பாக்ஸியானா', லண்டன்

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பழகிய பியர்ஸ் ஈகன், 1812 வாக்கில் தவணை தவணையாக வெளியிடத் தொடங்கிய குத்துச்சண்டை வரலாறு இது. பணப் பந்தயச் சண்டைகள் அன்று சட்டவிரோதம். கையுறை கிடையாது, ஒருவர் தரையில் விழுந்தால் சுற்று முடிந்தது, அரை நிமிடத்தில் எழுந்து வந்தாக வேண்டும். சண்டை நடக்கும் இடம் வெளியே தெரிந்தால் மாஜிஸ்திரேட் வந்து நிற்பார். அதனால் மதுக்கடைகளில் காதும் காதும் வைத்ததுபோலத் தகவல் போகும். 1821 டிசம்பரில் பில் நீட், டாம் ஹிக்மன் மோதலைப் பார்க்கக் கிளம்பிய கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் இடத்தை விசாரித்ததும் ஒரு குத்துச்சண்டை வீரர் நடத்திய கடையில்தான்.

ஈகன் சுற்றுக்குச் சுற்று எழுதுவார்: முதல் அடி யாருடையது, பந்தயம் எந்தப் பக்கம் சாய்ந்தது. நடை முழுக்கத் தெருப் பேச்சு. மூக்கில் ரத்தம் வந்தது என்று எழுத மாட்டார், சிவப்பு ஒயின் ஒழுகியது என்பார். மிகை உண்டுதான். ஆனால் டேனியல் மெண்டோசா, பில் ரிச்மண்ட் போன்ற குத்துச்சண்டை வீரர்களை இன்று நாம் அறிவதற்கு இந்தப் பக்கங்கள் பெரிய காரணம்.

1824இல் அவர் தொடங்கிய வார இதழ் சில ஆண்டுகளில் 'பெல்ஸ் லைஃப் இன் லண்டன்' இதழோடு இணைந்தது. அதன் ஆசிரியர் வின்சென்ட் டவுலிங் பந்தயப் பணத்தைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொள்வார், நடுவராகவும் நிற்பார். செய்தியும் அவர் இதழில்தான் வரும்.