முன்னும் பின்னும் ஒத்த பேரெண்

'விகடகவி' என்னும் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே சொல்தான் வரும். இவ்வாறு அமைந்த செய்யுளை நம் முன்னோர் 'மாலைமாற்று' என்றனர். திருஞானசம்பந்தர் இவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். எண்களிலும் மாலைமாற்று உண்டு. அவற்றுள் அழகிய ஒன்றை இங்குக் காண்போம்.

12345678987654321

பதினேழு இலக்கங்கள் கொண்ட இப்பேரெண், 111111111 என்னும் எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பது. எட்டு இலக்கங்களே கொள்ளும் சிறிய கணக்கிடும் கருவியில் இவ்வொன்பது ஒன்றுகளைப் பதிக்கவே இயலாது. தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

சிறிய எண்களிலிருந்து தொடங்குவோம். 11 × 11 = 121; 111 × 111 = 12321; 1111 × 1111 = 1234321. இவ்வரிசையைப் பலர் மனப்பாடம் செய்து ஒப்புவிப்பர். ஏன் இவ்வாறு வருகிறது என்று கேட்டால் விழிப்பர். காரணம் மிக எளியது. 111 ஐ 111 ஆல் பெருக்கும்போது நாம் எழுதுவது இதுதான்:

    111
   111
  111
 12321

ஒவ்வொரு வரியும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. ஆகவே, மேலிருந்து கீழாகக் கூட்டும்போது ஓர் ஒன்று, ஈரொன்று, மூவொன்று என ஏறி, அவ்வாறே இறங்குகிறது. ஒன்பது ஒன்றுகளுக்கு ஒன்பது வரிகள், நடுவில் 9.

இன்னொரு புதுமையும் உண்டு. நம் பேரெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81 வரும். ஒன்பது வரிகளில், வரிக்கு ஒன்பதாக நாம் எழுதிய ஒன்றுகளின் எண்ணிக்கையும் 81 தானே! எங்கும் எடுத்துச் செல்லுதல் இல்லாமையால் ஓர் ஒன்றும் குறையவில்லை. மேலும், பேரெண்ணை 81 ஆல் பெருக்கினால் 999999999 இன் வர்க்கமாகிய 999999998000000001 கிடைக்கும்.

சரி, பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால்? மனப்பாடத்தை நம்பியவர் இங்கே வழுக்கி விழுவார். சரியான விடை 1234567900987654321. மாலைமாற்று குலைந்துவிட்டது! நடு வரிசையில் பத்து ஒன்றுகள் சேர்வதால் 0 எழுதி, 1 ஐ அடுத்த இடத்திற்கு எடுத்துச் செல்கிறோம். அங்குள்ள 9 பத்தாகிறது. மீண்டும் 0 எழுதி, 1 ஐ எடுத்துச் செல்கிறோம். அதற்கடுத்த 8, 9 ஆகிறது. ஆகவேதான் விடையின் இடப்பாதியில் 8 ஐக் காணோம்.

இவ்விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 100 வரவில்லை, 82 வருகிறது. ஒவ்வொரு முறை எடுத்துச் செல்லும்போதும் பத்து மறைந்து, அதனிடத்தில் ஒன்றே நிற்கிறது. எனவே 9 குறைகிறது. இருமுறை எடுத்துச் சென்றதால் 18 குறைந்தது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் பதினோர் ஒன்றுகளைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். நான்கு முறை எடுத்துச் செல்ல நேரும். கூட்டுத்தொகை, 121 இலிருந்து 36 குறைந்து, 85 ஆக இருத்தல் வேண்டும்.