மலைநாடு வாக்களித்த முதற்றேர்தல்

கரீபியன் கடலிலுள்ள யமேக்காத் தீவு, வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற்றேர்தலை 1944ஆம் ஆண்டிற் கண்டது. அதற்குப் பதின்மூன்றாண்டுகள் முன்னரே, 1931 யூன் மாதத்தில், இலங்கையில் அத்தகைய தேர்தல் நடந்தேறிவிட்டது. இவ்வாண்டினை நம் மாணவர் வரலாற்றுப் பாடத்திற் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆயின், 'அனைவரும்' என்னுஞ் சொல்லுள் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் அடங்குவரோ என வினவினால், வகுப்பு வாளாவிருக்கும்.

1927இல் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவொன்று இலங்கைக்கு வந்தது. அதுகாறும் சட்டநிரூபண சபைக்கு வாக்களித்தோர் கல்வியும் பொருளுமுடைய ஆடவரே. குடிசனத்துள் நூற்றுக்கு நால்வரளவினர். கண்டியின் அரசியற் பிரமுகர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் துணைவியார் அக்னஸ் டி சில்வா, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்குழுவின் முன் தோன்றினார். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ எனப் பிரபு வினவ, அவர்களும் பெண்களே, ஆதலின் வேண்டும் என அம்மையார் தயங்காது விடையிறுத்தார். பெரிய தலைவர் பலர் சொல்லத் துணியாததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்தார். குழுவினர் பெண்களுக்கு முப்பது வயதென விதந்துரைத்தனர். பின்னர் இருபாலார்க்கும் இருபத்தொன்றாயிற்று.

எனினும், ஒரு கையாற் கொடுத்தது மறுகையால் மட்டுப்படுத்தப்பட்டது. தோட்டங்கள் சூழ்ந்த தொகுதிகள் தம் கைவிட்டுப் போகுமெனக் கண்டிச் சிங்களத் தலைவர் அஞ்சினர். காணியிழந்த கிராமங்களின் அச்சம் அது. பொருளற்றதென ஒதுக்குதல் தகாது. அதன் பயனாக, இந்தியத் தமிழர் இலங்கையைத் தம் நிலையான வதிவிடமாகக் கொண்டவராதல் வேண்டும். அன்றேல் கல்வி, சொத்துத் தகுதியுடையராதல் வேண்டும். அதுவும் இன்றேல் ஐந்தாண்டு வதிந்து, நிரந்தர வதிவுச் சான்றிதழ் பெறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இத்திட்டத்தினைச் சபை 1929 டிசம்பரில் 19க்கு 17 என்னும் வாக்குகளாலேயே ஏற்றது. சான்றிதழ் பெற முன்வந்தோர் சிலரே. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் கீழ்க் கடனுக்காகக் கைமாறிய மக்கள், வாசிக்கத் தெரியாத தாளிற் பெருவிரல் பதிக்க அஞ்சியது வியப்பன்று.

இத்தனை தடைகளையும் கடந்து ஏறத்தாழ ஓரிலக்கம் இந்தியத் தமிழர் பதிவுபெற்றனர். வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறப்பெட்டி. எழுத்தறியாதாரும் நிறம் அறிவர். அற்றனிற் பெரி. சுந்தரமும் தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கமும் தெரிவாயினர். ஐம்பது தெரிவு உறுப்பினரைக் கொண்ட அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவுந் தெரிந்த தலைவரே மந்திரியாவார். அம்முறையில், கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியானார். நிதியும் நீதியும் பாதுகாப்பும் ஆங்கில அதிகாரிகள் மூவரிடமே இருந்தன. இது முழுச் சுயராச்சியமன்று எனக் கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு தேர்தலைப் பகிஷ்கரிக்க, வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. வடக்கு போதாதென மறுத்த அதே வாக்கினைத்தான் மலைநாடு முதன்முறையாகக் கையிற் பெற்றது.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரசாவுரிமையையும், அதனோடு வாக்கினையும், மிகப் பெரும்பாலாரிடமிருந்து பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1931இல் இருபத்தொரு வயதில் வாக்களித்தவர் எவரேனும் அன்று உயிரோடிருந்திருப்பின், அவர்க்கு வயது 93.