பிந்திப் பிடித்த பேனா

சார்பதிவாளர் அலுவலகத்தில் 33 ஆண்டுகள் எழுத்தராக இருந்து, ஐம்பத்தெட்டாம் வயதில் ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரமே நாவல் ஒன்று எழுதத் தொடங்கினேன். ஓராண்டு உழைத்து முடித்த அந்நூலை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “கதாநாயகி வாழும் வீட்டுக்கு நாற்புறமும் செக்குபந்தி சொல்லியிருக்கிறீர், அவள் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லையே!” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இனிக் கற்க வயது இருக்கிறதா என்ற அச்சமே காரணம்.

அவ்வச்சத்தைத் தணித்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-ஆம் ஆண்டு குளத்தூரில் பிறந்த அவர், திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, பின் முன்சீப் ஆனவர். 1859-இல் அவருடைய ‘நீதிநூல்’ செய்யுளாக வெளிவந்தது. ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார், பெண் கல்விக்காக எழுதினார், கீர்த்தனைகள் பாடினார். 1872-இல் ஓய்வு பெற்றார். தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தபோது அவர் ஐம்பதைக் கடந்துவிட்டார். ‘சுகுண சுந்தரி’ 1887-இல், அறுபதுக்குப் பின்னர் வந்தது.

இவர் துறைவிட்டுத் துறை தாவியவரா? அன்று. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைப் போக்கவும், தம் முந்தைய நூல்களில் கூறிய அறங்களைக் கதையால் விளக்கவுமே நாவல் எழுதியதாக அவரே முன்னுரையில் தெரிவிக்கிறார். நீதிமன்றத்தில் தமிழ் வழங்க வேண்டும் என்ற அவருடைய கருத்தும் அக்கதையினுள் இடம் பெற்றது. பொருள் ஒன்றே; அதை ஊற்றிய பாத்திரங்களே வேறு.

அயல்நாட்டிலும் இத்தகையோர் உண்டு. இங்கிலாந்தின் பெனலோப்பி பிட்ஸ்ஜெரால்ட் அம்மையார் ஆசிரியப் பணி செய்தவர். அவருடைய முதல் நூல், ஓர் ஓவியரின் வாழ்க்கை வரலாறு, 1975-இல் அவருடைய ஐம்பத்தெட்டாம் வயதில் வெளிவந்தது. ஈராண்டில் நாவலுக்கு வந்தார். 1979-இல் புக்கர் பரிசு பெற்றார். இளமையில் போர்க்காலத்து பி.பி.சி. வானொலி நிலையத்தில் பணியாற்றிய நாட்களை 1980-இல் நாவலாக்கினார். நாற்பதாண்டுகள் அவர் மனத்தில் கிடந்த பொருள் அது.

இவ்விருவரிடமும் நான் கற்றது இது: முதியவன் புதிதாகத் தேட வேண்டியது பொருளை அன்று, வடிவத்தையே. ஆகையால் தான் நன்கறிந்த பொருளுக்கு மிக அருகிலுள்ள வடிவத்தில் தொடங்குவதே முறை. பெரிய நாவலில் பிழை நேர்ந்தால் ஓராண்டு போகிறது. சிறு கட்டுரையில் நேர்ந்தால் ஒரு வாரமே போகும்.

நான் முதலில் பழைய கிரயப் பத்திரங்களைப் படிப்பது எப்படி என்று கட்டுரை எழுதினேன். தெளிவு ஒன்றே அங்கு வேண்டுவது; அலுவலகப் பழக்கம் கைகொடுத்தது. அடுத்துச் சிறுகதை. பாகப் பிரிவினைப் பத்திரத்தில் கையொப்பமிட வந்த இரு சகோதரர்கள், ஒரே பேனாவை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்க மறுத்ததை ஒருநாள் கண்டிருந்தேன். ‘மேற்படி’, ‘மேற்கண்ட’ என்னும் சொற்களையெல்லாம் களைந்த பிறகே அவர்களுடைய முகங்கள் தெரிந்தன. பின்னர் அதனையே வானொலி நாடகமாக்கினேன். கேட்பவர் பேனாவைக் காண முடியாது. ஆகவே மறுப்பு முழுவதும் பேச்சிலும் மௌனத்திலுமே ஒலிக்க வேண்டியதாயிற்று. கட்டுரை தெளிவையும், கதை மனிதரையும், நாடகம் பேச்சையும் எனக்குக் கற்பித்தன.

இப்போது எனக்கு அறுபத்தாறு வயது. வலக்கண்ணில் புரை படர்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே எழுத இயலும். சென்ற மாதம் பெட்டியின் அடியிலிருந்து அந்த நாவலை எடுத்தேன். முதல் அத்தியாயத்தில் இருந்த செக்குபந்தியை அடித்துவிட்டு, அவ்வீட்டை விற்க மனமில்லாமல் அப்பெண் வாசற்படியில் அமர்ந்திருந்ததை எழுதினேன். நண்பர் படித்தார், இம்முறை சிரிக்கவில்லை. “அடுத்த அத்தியாயம் எப்போது?” என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.